நகல் ரிவால்வர் குறி தப்புமா?

கேள்வி இதுதான்: "டெக்சஸில் இருக்கிறேன். 1873 கோல்ட் ரிவால்வரின் இத்தாலிய நகல் ஒன்று வாங்க ஆசை. நண்பர்களோ 'அது சுவரில் மாட்டத்தான் லாயக்கு, 25 கஜத்தில் சாப்பாட்டுத் தட்டில்கூடப் படாது' என்கிறார்கள். கைக்கு எப்படி இருக்கும்? உண்மையிலேயே குறி தப்புமா?"

பதினோரு வருடமாக இந்த வகை ரிவால்வர்களைச் சுட்டு வருகிறேன். தோட்டா போடுவதில் மூன்று, கருமருந்தும் ஈய உருண்டையும் போட்டுச் சுடுவதில் ஒன்று, ஆக நான்கு நகல்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. உங்கள் நண்பர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை. ஆனால் இரண்டு வேறு குறைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஐந்து குண்டும் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்து, அந்த இடம் நீங்கள் பார்த்த இடத்துக்குக் கீழே இருந்தால், ரிவால்வர் ஒழுங்காகத்தான் சுடுகிறது. குறிதான் இன்னும் சரியாக வைக்கப்படவில்லை. ஐந்தும் ஐந்து திசையில் சிதறினால் அது வேறு நோய், அதற்கு மருந்தும் வேறு. நகல்களைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை முதல் வகை. அதைச் சரிசெய்ய ஒரு சின்ன அரம் போதும்.

முதலில் இந்த நகல்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அசல் 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. குதிரைப்படைக்கு ஏழரை அங்குலக் குழல், பின்னால் ஐந்தரையும் நாலே முக்காலும் வந்தன. 1892-இல் ராணுவம் வேறு வகைக்கு மாறியது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில் கோல்ட் கம்பெனி இதைச் செய்வதையே நிறுத்திவிட்டது. அப்புறம் டிவியில் கௌபாய் கதைகள் ஓடத் தொடங்கி எல்லாரும் கேட்க ஆரம்பித்ததும், 1956-இல் மறுபடி தொடங்கியது. அதே சமயத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்க, பழைய ரிவால்வர்களின் நகலுக்குக் கிராக்கி கூடியது. அதைப் பிடித்துக்கொண்டவர்கள் வட இத்தாலியில் பிரெஷியா மாவட்டத்துக்காரர்கள். கார்டோனே ஊர் இருக்கும் டிராம்பியா பள்ளத்தாக்கில் துப்பாக்கி செய்வது பல நூற்றாண்டுத் தொழில். பெரெட்டா குடும்பத்தின் கணக்கே 1526-இல் தொடங்குகிறது. ஊபெர்ட்டி 1959-இல் அங்கே ஆரம்பித்தது, இன்று பெரெட்டா குழுமத்தில் இருக்கிறது. பியெட்டா இன்னொரு பெரிய பெயர். அமெரிக்கக் கடைகளில் வேறு வேறு பெயர் பொறித்து விற்கும் நகல்களில் பெரும்பகுதி இந்த இரண்டு பட்டறைகளில் ஒன்றிலிருந்துதான் வருகிறது. பெயருக்காக நூறு டாலர் கூடக் கொடுப்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

சரி, கைக்கு எப்படி இருக்கும்? கலப்பையின் மேழியைப் பிடித்தவர்களுக்கு உடனே புரியும். பிடியின் வளைவு அப்படித்தான் இருக்கும், அமெரிக்கர்களும் அதைக் கலப்பைப் பிடி என்றே சொல்கிறார்கள். 1851-இல் வந்த கோல்ட் நேவியின் பிடியை அப்படியே எடுத்து 1873-க்குப் போட்டார்கள். சுடும்போது உதை நேராக உள்ளங்கைக்குள் வராது. பிடி கைக்குள் மேல்நோக்கி உருளும். உருண்டு நிற்கும்போது, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஹேமர் பின்னால் கட்டைவிரலுக்கு அருகில் வந்திருக்கும், அப்படியே இழுத்து அடுத்ததற்குத் தயாராகிவிடலாம். இன்றைய பிஸ்டல் சுட்டுப் பழகியவர்கள் முதல் நாள் செய்யும் தவறு, உருளவிடாமல் இறுக்கிப் பிசைவது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு உயரத்தில் விழும். இறுக்கம் எவ்வளவு என்பதைவிட, ஐந்து முறையும் அதே இறுக்கம்தானா என்பதுதான் கேள்வி. கை பெரியதாக இருந்தால் சுண்டுவிரலுக்குப் பிடியில் இடம் இருக்காது. அதைப் பிடிக்கு அடியில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று, ஹேமர் பெரியது, கனமானது, நீண்ட வளைவாகச் சுழன்று வந்து விழுகிறது. டிரிகர் இழுத்ததற்கும் வெடிப்பதற்கும் இடையில் இன்றைய துப்பாக்கிகளைவிட நேரம் கூடுதல். அந்த இடைவெளியில் கை லேசாகத் தளர்ந்தாலும் தாளில் தெரிந்துவிடும். வெடித்த பிறகும் ஒரு மூச்சு நேரம், குழல் முனையில் நிற்கும் முன் குறியையே பார்த்துக்கொண்டிருக்கப் பழகுங்கள். நகலைக் குறை சொல்பவர் பலர் இந்த ஒரு பழக்கம் வந்ததும் அமைதியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சுழலும் சிலிண்டரில் ஆறு அறை இருந்தாலும் ஐந்து தோட்டாதான் போட வேண்டும். பழைய அமைப்பில் ஹேமர் இறங்கியிருக்கும்போது அதன் ஊசி நேராகத் தோட்டாவின் அடியில் உட்காரும். கீழே விழுந்தால் வெடித்துவிடும். அரை இழுப்பு நிலையை நம்பவே கூடாது, அந்தப் பல் உடையும். செய்யும் முறை: அரை இழுப்பில் வைத்து, பக்கவாட்டுக் கதவைத் திறந்து, ஒன்று போடுங்கள், ஒன்று விடுங்கள், நான்கு போடுங்கள். முழுதாக இழுத்து, குழலைச் சுடும் திசையிலேயே வைத்துக்கொண்டு, மெதுவாக இறக்குங்கள். ஹேமர் காலி அறை மேல் வந்து உட்காரும். அரை இழுப்பிலிருந்து நேராக இறக்காதீர்கள். சிலிண்டரைச் சுற்றி ஒரு கோடு விழும், அந்தக் கோட்டைப் பார்த்தே பழைய கைகள் உங்களைப் புதுசு என்று சொல்லிவிடும்.

இங்கே ஒரு வேடிக்கை. பல நகல்களில் சிலிண்டரைத் தாங்கும் கம்பியில் இரண்டு வெட்டு இருக்கும். உள் வெட்டுக்குத் தள்ளினால் கம்பி பின்னால் நீட்டி ஹேமரை முழுதாக விழவிடாது, பாதுகாப்புக்காகச் செய்தது. பெட்டியைத் திறந்து நேராகச் சுடுதளத்துக்கு வந்தவர், "வெடிக்கவே மாட்டேன் என்கிறது" என்று முகம் வாடி நிற்பார். கம்பியை ஒரு வெட்டு முன்னால் இழுத்தால் வேலை முடிந்தது. புதிய மாடல்களில் இதற்குப் பதிலாக ஊசியே பின்வாங்கும் ஏற்பாடு வந்துவிட்டது. அதற்காக ஆறாவது தோட்டாவைப் போட்டுவிடாதீர்கள்.

இனி குறி. என் முதல் நகல் .45 கோல்ட் என்ற தோட்டா வகை போடுவது, ஐந்தரை அங்குலக் குழல். மணல் மூட்டை மேல் கையை வைத்து 25 கஜத்தில் ஐந்து சுட்டேன். ஐந்தும் உள்ளங்கைக்குள் அடங்கின. ஆனால் நான் பார்த்த இடத்துக்கு ஆறு அங்குலம் கீழே. பக்கத்து மேசையிலிருந்த பெரியவர் தாளைப் பார்த்துவிட்டு, "துப்பாக்கி நல்ல துப்பாக்கிதான், இன்னும் குறி வைக்கவில்லை" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. இந்த ரிவால்வரில் திருகிச் சரிசெய்யும் குறி கிடையாது. பின் குறி என்பது சிலிண்டருக்கு மேலே ஓடும் இரும்புச் சட்டத்தில் வெட்டிய ஒரு பள்ளம், முன் குறி என்பது குழல் மேல் நிற்கும் ஒரு தகடு, அவ்வளவுதான். அந்தத் தகட்டைக் கொஞ்சம் உயரமாக விட்டு அனுப்பினால் குண்டு கீழே விழும். வாங்குபவர் ராவிக் குறைத்துத் தன் தோட்டாவுக்கு ஏற்ப மேலே கொண்டுவரலாம். ராவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால், உயரமாக இருப்பது நமக்கு நல்லதுதான்.

எவ்வளவு ராவ வேண்டும் என்பது எளிய கணக்கு. என் ரிவால்வரில் இரண்டு குறிகளுக்கும் இடையே ஏறத்தாழ 6¾ அங்குலம். 25 கஜம் என்றால் 900 அங்குலம். ஆறு அங்குலம் மேலே வர வேண்டுமென்றால் 6-ஐ 6¾-ஆல் பெருக்கி 900-ஆல் வகுங்கள். 0.045 அங்குலம் வரும், ஒரு மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் கூட. பாதியை ராவிவிட்டுச் சுட்டுப் பாருங்கள். அப்புறம் நாலு இழுப்பு, ஐந்து குண்டு. நாலு இழுப்பு, ஐந்து குண்டு. வீட்டில் உட்கார்ந்து மொத்தத்தையும் ராவிவிட்டுப் போகாதீர்கள்.

நான் செய்த தவறு வேறு. கையில் இருந்தது 200 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு, உதை குறைவாக இருக்கிறதே என்று வாங்கியது. அதை வைத்தே நிதானமாக ராவி, குண்டை நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். பெருமை இரண்டு வாரம்தான். அடுத்து 255 கிரெய்ன் பெட்டி வாங்கிச் சுட்டால் எல்லாம் நாலு அங்குலம் மேலே! காரணம் இதுதான்: குண்டு குழலுக்குள் இருக்கும்போதே உதை தொடங்கி, குழலின் வாய் மேலே ஏறத் தொடங்கிவிடுகிறது. கனமான, மெதுவான குண்டு குழலை விட்டு வெளியேற அதிக நேரம் எடுக்கிறது, அதற்குள் வாய் இன்னும் மேலே போயிருக்கும். ரிவால்வரில் கனமான குண்டு மேலேயும் லேசான குண்டு கீழேயும் விழுவது இதனால்தான். பழைய .45 கோல்ட் தோட்டாவின் குண்டு 255 கிரெய்ன். அதே கனத்தைச் சுட்டிருந்தால் நான் அவ்வளவு ராவியிருக்கவே வேண்டாம். கடைசியில் ஒரு வெல்டிங்காரரிடம் கொடுத்து முன் குறியின் தலையில் இரும்பு வைத்து, முதலிலிருந்து ராவினேன். நீலப் பூச்சு அந்த இடத்தில் இன்னும் வேறு நிறமாகத்தான் தெரியும். ஆகவே முதலில் எந்தக் குண்டு என்று முடிவு செய்யுங்கள், அதில் ஒரு நூறாவது சுடுங்கள், பிறகு அரத்தைத் தொடுங்கள்.

இடது வலது விலகல் இதைவிடத் தொல்லை. இதற்குக் குழலையே சட்டத்தில் ஒரு மயிரிழை திருப்ப வேண்டும். குண்டு இடப்பக்கம் விழுந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், குழலை இறுக்கினால் முன் குறி இடப்பக்கம் சாயும், குண்டு வலப்பக்கம் நகரும். வலப்பக்கம் விழுந்தால் தளர்த்த வேண்டும், தளர்த்திய குழல் அப்படியே நிற்குமா என்ற கவலை வேறு. இரண்டும் சரியான பிடிகருவி வைத்திருக்கும் ஆயுதப் பட்டறைக்காரர் செய்ய வேண்டியது. சிலிண்டர் இருந்த இடைவெளியில் கட்டையைச் செருகித் திருகினால் சட்டம் வளைந்துவிடும். அதற்கும் முன்னால் இன்னொருவரைச் சுடச் சொல்லுங்கள். வலக்கைக்காரர்கள் டிரிகரைப் பக்கவாட்டில் தள்ளி இடப்பக்கம் அடிப்பது சர்வ சாதாரணம். என் நண்பர் ஒருவர் குழலைத் திருப்ப நூறு டாலருக்கு மேல் செலவழித்த பிறகுதான், தன் மனைவி அதே ரிவால்வரில் நடுவில் அடித்துக்கொண்டிருந்தார் என்பதைக் கவனித்தார்.

அடுத்தது சிதறல். இதற்கு முதல் சந்தேகம் சிலிண்டர் மேல்தான். ஒவ்வொரு அறையின் முன் வாயிலும் ஒரு கழுத்து உண்டு. குண்டு அதன் வழியாகத்தான் குழலுக்குப் போகிறது. குழலின் உள்ளே சுருளாக வெட்டிய வரிப்பள்ளத்தின் அளவைவிடக் கழுத்து சிறியதாக இருந்தால் குண்டு அங்கேயே நசுங்கி, குழலுக்குள் தளர்வாக ஓடும். ஈயம் குழலில் அப்பிக்கொள்ளும், குண்டுகள் சிதறும். மிகப் பெரியதாக இருந்தால் குண்டு கோணலாக நுழையும். இன்றைய .45 குழல்களின் பள்ளம் 0.451, 0.452 அங்குலம், கழுத்து அதைவிட ஒரு மயிரிழை பெரியதாக, எல்லா அறையிலும் ஒரே அளவில் இருந்தால் நல்ல ரிவால்வர். .44-40 என்ற இன்னொரு பழைய தோட்டா வகைக்கு வாங்குபவர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டும். அசலில் அதன் குண்டு 0.427. இப்போதைய குழல்கள் பலவும் .44 மேக்னத்துக்கான 0.429 அளவில் வருகின்றன, கழுத்து மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் பொருத்தம் கெட்டது.

கருவி இல்லாமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது. சிலிண்டரைக் கழற்றி, காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, நீங்கள் சுடப்போகும் வெறும் ஈயக் குண்டை, தோட்டாவை அல்ல, முன்பக்கமாகக் கழுத்தில் வைத்து விரலால் தள்ளுங்கள். லேசாக அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தானாகவே உள்ளே விழுந்தால் கழுத்து அகலம், போகவே மறுத்தால் இறுக்கம். என் இரண்டாவது ரிவால்வரில் ஐந்து அறைகள் ஒழுங்கு, ஒன்றில் மட்டும் குண்டு சொத்தென்று விழுந்தது. அறைக்கு ஒரு தாள் என்று ஆறு தாளில் சுட்டுப் பார்த்தேன். ஐந்து தாளில் அழகான கூட்டம், ஆறாவதில் கோழி கிளறினது போல. ஐந்துதானே போடப் போகிறோம்! அந்த அறையின் விளிம்பில் ஒரு புள்ளி குத்திவிட்டு, ஹேமர் இறங்கி உட்காரும் காலி அறையாக அதையே வைத்துக்கொண்டேன். அதன் பிறகு 25 கஜத்தில் மூட்டை மேல் வைத்து இரண்டரை அங்குலத்துக்குள் சுடுகிறது. நானாக நின்று சுட்டால் ஐந்து அங்குலம். அதில் பாதிக்கு மேல் என் கணக்கில்தான் சேர வேண்டும்.

கேப் அண்ட் பால் என்று சொல்கிற, கருமருந்து ரிவால்வர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், என் மனசு அங்கேதான். பிரிட்டனில் 1997 சட்டம் சாதாரணக் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தபோது முன்பக்கம் மருந்து போடுகிற வகைக்கு விலக்கு இருந்தது. அதனால் அங்கே உரிமம் வைத்து ரிவால்வர் சுட விரும்புகிறவர்கள் பலருக்கு இந்த நகல்கள் ஒரு வழி. கருமருந்துத் துப்பாக்கிகளின் உலகப் போட்டிகளில் அசலுக்கும் நகலுக்கும் தனித்தனிப் பிரிவே உண்டு. அரை மணி நேரத்தில் 13 முறை சுடலாம், சிறந்த பத்து மட்டும் கணக்கு. அங்கே நகலால் என்ன முடியும் என்று பார்த்தால் உங்கள் நண்பர்கள் பேச மாட்டார்கள்.

அதன் அமைப்பிலேயே ஒரு துல்லியம் இருக்கிறது. அறையைவிடக் கொஞ்சம் பெரிய ஈய உருண்டையை நெம்புகோலால் அழுத்தும்போது, ஈயத்தில் ஒரு மெல்லிய வளையம் சீவி வெளியே வர வேண்டும். தேங்காய்க் கண்ணைச் சுற்றிச் சுரண்டியது போல முழு வட்டமாக வந்தால் அறை நன்றாக அடைபட்டது என்று அர்த்தம். பாதி வட்டமாக வந்தால் உருண்டை சிறியது. அடைப்பு சரியில்லையென்றால் ஒரு அறை வெடிக்கும்போது பக்கத்து அறையும் பற்றிக்கொள்ளும். மேலே கொழுப்பு தடவுவதோ, மருந்துக்கும் உருண்டைக்கும் நடுவில் எண்ணெய் ஊறிய ஃபெல்ட் வட்டு வைப்பதோ, அவரவர் கட்சி. நான் வட்டுக் கட்சி, கொழுப்பு டெக்சஸ் வெயிலில் உருகிச் சட்டையில் ஒழுகும். இதில் இன்றைய புகையற்ற மருந்தை ஒருபோதும் போடாதீர்கள், சிலிண்டர் பிளந்துவிடும்.

கோல்ட்டின் கருமருந்து வகையில் பின் குறி என்பது ஹேமரின் மூக்கிலிருக்கும் ஒரு கீறல். 25 கஜத்தில் குண்டு ஒரு சாண் மேலே விழுவது இதில் சாதாரணம். இது நகலின் குறை இல்லை, அசலும் அப்படித்தான். அதற்கு ராவினால் நிலைமை இன்னும் மோசமாகும். உயரமான முன் குறி மாட்ட வேண்டும். மேல் சட்டம் உள்ள ரெமிங்டன் 1858 வகை குறிக்கு நல்லது, ஆனால் கரி சேர்ந்ததும் சிலிண்டர் சீக்கிரம் இறுகும். கோல்ட்டின் நடுத்தண்டு தடிமனானது, கொழுப்பு தங்க வெட்டுகள் உண்டு, கூடுதல் சுற்று தாங்கும். ஆனால் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோக மூடியான கேப் வெடித்ததும், அதன் செதில் ஹேமருக்குள் விழுந்து அடைத்துக்கொள்ளும். தீபாவளிக்குப் பொட்டுத் துப்பாக்கி சுருள் கேப்பில் சிக்கி நிற்குமே, அதே எரிச்சல், விலை மட்டும் அதிகம். கரி விஷயத்தில் இன்னொன்று: ஸ்கோஃபீல்ட் (நடுவில் மடிந்து திறக்கும் ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர்) நகல்களில் .45 கோல்ட் தோட்டா பிடிப்பதற்காகச் சிலிண்டரை நீட்டியபோது, முன்னால் கரியைத் தடுக்கும் வளையத்தைக் குறைத்துவிட்டார்கள். கருமருந்துத் தோட்டாவில் அது சில சுற்றிலேயே சுற்ற மறுக்கும்.

பழுதாவது பெரும்பாலும் வில்கள். உள்ளே டிரிகரையும் சிலிண்டர் பூட்டையும் சேர்த்துத் தள்ளும் இரண்டு கால் தகட்டு வில் ஒன்று இருக்கிறது. அதுதான் முதலில் உடையும். சிலிண்டர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் தாண்டினால் அதைப் பாருங்கள். கம்பியில் செய்த மாற்று வில் சில டாலருக்குக் கிடைக்கிறது, நீண்ட நாள் உழைக்கும். திருகுகள் உதையில் தளரும், சிலிண்டர் கம்பி முன்னால் நழுவி வரும்; ஐம்பது குண்டுக்கு ஒரு முறை எல்லாத் திருகையும் தொட்டுப் பாருங்கள். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் ரூகர் கம்பெனியின் வக்கேரோ ரிவால்வர் இருக்கிறது: சுருள் வில்கள், ஆறு தோட்டாவும் போடக்கூடிய பாதுகாப்பு அமைப்பு. ஆனால் ஹேமரை இழுக்கும்போது வரும் நாலு சொடக்குச் சத்தம் கேட்காது. சிரிப்பாக இருக்கலாம், பாதிப் பேர் நகல் வாங்குவதே அந்தச் சத்தத்துக்காகத்தான்.

பழைய கௌபாய் பாணியில் சுடும் போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் குறியைப் பற்றி இவ்வளவு கவலையே வேண்டாம். 1987-இல் தொடங்கிய அமெரிக்க அமைப்பின் போட்டிகளில் ரிவால்வருக்கு வைக்கும் இரும்புத் தட்டுகள் பெரும்பாலும் பத்து கஜத்துக்குள்தான். நேரம்தான் மதிப்பெண், தவறவிட்ட ஒவ்வொன்றுக்கும் ஐந்து வினாடி கூடும். எல்லாருக்கும் பழைய காலத்துப் புனைபெயர் ஒன்று வேண்டும், ஒருவர் வைத்ததை இன்னொருவர் வைக்க முடியாது. அங்கே வழுவழுப்பான ஹேமரும் பழகிய கட்டைவிரலும் தான் ஜெயிக்கும்.

எது வாங்கலாம்? முதல் ரிவால்வர் என்றால் ஐந்தரை அங்குலக் குழல், .357 மேக்னம் தோட்டா வகை. அதில் .38 ஸ்பெஷலும் சுடலாம், தோட்டா மலிவு, உதை குறைவு. கடையில் கேட்டு வாங்கி, காலி என்று பார்த்துவிட்டு, ஹேமரை மெதுவாக இழுங்கள்; முழு இழுப்புக்கு வரும் முன்பே சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும், ஆறு அறைக்கும் இதையே செய்யுங்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மெல்லிய கோடாகத் தெரிய வேண்டும், பிளவாகத் தெரியக் கூடாது. முன் குறி நேராக நிற்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். கடைக்காரர் விட்டால் ஒரு குண்டைக் கழுத்தில் தள்ளியும் பாருங்கள். நான் மூன்றாவது வாங்கும்போது சட்டைப்பையில் ஒரு 0.358 ஈயக் குண்டைப் போட்டுக்கொண்டுதான் போனேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், பிறகு அவரே அலமாரியிலிருந்து இன்னும் இரண்டை எடுத்து வைத்து, "இதிலும் தள்ளிப் பாருங்கள்" என்றார். மூன்றாவதுதான் வீட்டுக்கு வந்தது.